தரையில் உருளும் பந்து

மூன்று முறை காற்றை அடிப்பாள். அரங்கம் கைதட்டும். பூக்கொத்து வரும். நான் தொப்பியைக் கழற்றிக் குனிவேன். அழுதால் நல்லது, படம் நன்றாக வரும். இதில் எந்த இடத்தில் நான் பந்து எறிகிறேன்?

கஸுஹோ இதை யாரிடமும் சொல்லவில்லை. உடைமாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். சொல்லக்கூடிய விஷயமாகவும் அது தெரியவில்லை. பேஸ்பாலில், ஓய்வு பெறும் பிட்சருக்கு, பந்து எறிகிறவளுக்கு, எதிரணி கொடுக்கும் பரிசு அது. கடைசி நாள், முதல் இன்னிங்ஸ், ஒரே ஒரு பேட்டர். பிட்சர் நேர் பந்தாக எறிவாள். எதிரே நிற்பவள் மட்டையை முழு வேகத்தில் வீசி மூன்று முறையும் தவறவிடுவாள். அவுட். யாரும் இதை வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்கு இப்படி நடந்தபோது பெஞ்சில் நின்று கஸுஹோவும் அழுதிருக்கிறாள்.

ஒரு பரிசைக் கையில் வாங்கிக்கொண்டு இது என் அளவு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவள் பேட்டர்களைத் தவறவைக்கும் பிட்சர் இல்லை. அவள் பந்தை எல்லோரும் அடிப்பார்கள். பக்கவாட்டில், இடுப்பு உயரத்துக்குக் கையை இறக்கி எறிகிற அவள் பந்து, மட்டைக்குப் பக்கத்தில் வரும்போது கொஞ்சம் தாழும். நடுவில் பட வேண்டிய மட்டை பந்தின் தலையில் படும். பந்து எழும்பாது, தரையில் உருளும். உருளுகிற இடத்தில் நம் ஆள் நிற்பாள். அடித்தவள் ஓடிச் சேர்வதற்குள் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தால் முடிந்தது. எதிரணி ஆள் ஒருத்தி ஏற்கெனவே முதல் பேஸில் நின்றிருந்தால் இன்னும் நல்லது. உருளும் ஒரே பந்தில் இரண்டு பேரும் அவுட். டபுள் ப்ளே. ஓமி அணி நெருக்கடியில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் கஸுஹோவை இறக்கியது அதற்காகத்தான்.

அவளுக்கு வேண்டியிருந்தது அப்படி ஒன்று. போகும் முன் ஒரே ஒரு தடவை, தரையில் உருளும் ஒரு பந்து. இன்று தவறாமல் கிடைக்கப்போவது அது இல்லை.

"எத்தன தடவடி கட்டுவ அந்தக் கயிற? ஷூ என்ன ஓடியா போயிடும்?"

கேட்சர் தோமோயே உள்ளே வந்தாள். முட்டிக் கவசம் தடதடக்க எதிர் பெஞ்சில் சாய்ந்தாள். முதல் வருடத்திலிருந்து கஸுஹோவின் பந்தைப் பிடிப்பவள் அவள்தான்.

"வெளிய ஒரே சண்ட. உன்ன எத்தன தடவ மேல தூக்கிப் போடறதுன்னு. சட்ட நம்பர் கணக்குக்குப் பத்தொம்பது தடவையாம். பாதியில கைவிட்டுட்டா கேஸ் ஆகுமான்னு கேக்குறாளுங்க."

"மூணு போதும்."

"அதத்தான் நானும் சொன்னேன். உன் வெயிட்டு எனக்குத்தான தெரியும்."

கஸுஹோ சிரித்தாள். தோமோயே சிரிக்கவில்லை.

"கோச் சொன்னாரா?"

"நேத்தே சொல்லிட்டாரு. நேர் பந்து மட்டும்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"நீ என்னிக்குதான் சரின்னு சொல்லல."

குத்தலாகச் சொல்லவில்லை. வானிலை அறிக்கை மாதிரி சொன்னாள். உண்மையும் அதுதான். பள்ளியில் தலைக்கு மேல் கையைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தவளைப் பக்கவாட்டில் எறி என்றார்கள், சரி என்றாள். ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சராக இருந்தவளை நடுவில் இறங்கு என்றார்கள், சரி. தோமோயே விரல்களால் எந்தப் பந்தைக் கேட்டாலும் அதை எறிவாள். ஒரு தடவைகூட மாட்டேன் என்று தலையசைத்ததில்லை. பயிற்சியாளர் ஓனிஷி, பிட்சர் நின்று எறியும் மேட்டுக்கு நடந்து வந்து கையை நீட்டினால், பாதி வழியிலேயே பந்தை நீட்டிக்கொண்டிருப்பாள். மற்ற பிட்சர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், கெஞ்சுவார்கள், ஒருத்தி பந்தைத் தரையில் அடித்துவிட்டுப் போனாள். "பந்தைத் திருப்பிக் கொடுக்குறதுல கஸுஹோவ அடிச்சுக்க ஆள் இல்ல" என்பது அணியில் பழைய கிண்டல். ஆகஸ்டில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, தோள் இருக்கிற நிலைமையில் இந்த சீசனோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றபோதும் சரி என்றுதான் சொன்னாள். வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையோடு வெகுதூரம் போனாள். கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சரி சொல்வது அவளுக்குப் பணிவாக இருந்ததில்லை. வேறு என்னவோ. தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு கணம் நின்று பார்க்கிற வேலையை அது மிச்சப்படுத்தியது.

மைதானத்துக்குப் போகும் நடைபாதையில் ஹரிமா அணியின் பெண் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். சுஸுனா. இன்று முதலில் மட்டை பிடிக்கப்போகிறவள். கஸுஹோவைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்தாள். குனிந்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் பேசக் கூடாதுன்னு தெரியும். எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

"நிமிந்து பேசுமா."

"பந்துக்கு மேல மட்டைய வீசினா நடிப்புன்னு தெரிஞ்சிடும்க்கா. அதனால கீழ வீசறேன். கொஞ்சமாதான், இவ்ளோதான் கீழ." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பந்தளவு இடம் காட்டினாள். "நீங்க நேரா மட்டும் எறிஞ்சிட்டீங்கன்னா நான் பாத்துக்கறேன்."

"ரொம்ப யோசிச்சிருக்க."

"கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்க்கா. அம்மா கூடப் பாத்துட்டு நல்லா தவற விடறேன்னு சொன்னாங்க."

அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றவள் வாய்விட்டுச் சிரித்தாள். மகினோ. ஹரிமாவின் கேப்டன், கஸுஹோவின் வயதுதான். லீக்கின் முதல் வருடத்திலிருந்து இருவரும் எதிரெதிரே நின்றவர்கள்.

"போ, போ. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நீயே அழுது, அவளையும் அழவெச்சு, ஆட்டத்துக்கு முன்னாடியே சடங்க முடிச்சிடுவ." சுஸுனா ஓடிப்போனாள். மகினோ கஸுஹோவை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கென்ன, ஜாலியா கெளம்பிட்ட. சாம்பியன்ஷிப்ல உன் பந்த உருட்டிவிட்டு ரெண்டு பேர் அவுட் ஆனோமே, இன்னிக்கும் என் பையன் சோறு சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சா அதச் சொல்லித்தான் என்னக் கடுப்பேத்தறான்."

"நீயும் ஒண்ணு அடிச்சியே, மரத்தத் தாண்டி."

"அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி. கணக்கு முடியல." மகினோ சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். "நான் ரெண்டாவதா வரேன். நான் வரும்போது நீ பூவோட பெஞ்சுல உக்காந்திருப்ப. பரவால்ல. போய் நல்லபடியா முடி."

நல்லபடியாக முடி. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். தானும் அதைத்தானே விரும்ப வேண்டும் என்று கஸுஹோ நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏரியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நகராட்சி மைதானத்தில் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். பாதிப் பேர் முதுகில் பத்தொன்பது என்று அச்சடித்த சட்டை போட்டிருந்தார்கள். முதல் பேஸ் பக்கம் முன்வரிசையில் அம்மா. நாகஹாமாவில் அவள் வைத்திருக்கும் அழகு நிலையத்தை இன்று அடைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடியில் அரிசி உருண்டை டப்பா.

ஆரம்ப காலத்தில் அம்மாவுக்கு இந்த ஆட்டமே அவமானமாக இருந்தது. "எல்லாரும் உன் பந்த அடிக்கிறாங்களேடி. உன்ன ஏன் இன்னும் வெச்சிருக்காங்க?" என்று போனில் கேட்பாள். அடித்தால் நல்லதுதான் அம்மா, தரையில் உருண்டால் அது நம் பந்து என்று கஸுஹோ சொல்லிச் சொல்லி, கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். பந்து உருண்டால் கைதட்ட வேண்டும். யார் எடுத்தார்கள், யார் அவுட் என்பதற்கெல்லாம் காத்திருக்க மாட்டாள். தரையில் உருண்டதா, தட்டிவிடுவாள்.

கஸுஹோ மேட்டில் ஏறினாள். காலால் மண்ணைத் தள்ளித் தனக்கு வேண்டிய பள்ளத்தைச் செய்துகொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்து எறியப்போகிற இளம் பிட்சர் தோளைச் சுழற்றிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் படியில் ஒரு பெண் பூக்கொத்தோடு தயாராக நின்றாள். வெள்ளையும் மஞ்சளும்.

தோமோயே ஒரு விரலைக் காட்டினாள். நேர் பந்து.

நேராகத்தான் எறிந்தாள். இதற்காக நான்கைந்து நாளாக விரல்களைப் பந்தின் தையலின் மேல் வேறு மாதிரி வைத்துப் பழகியிருந்தாள். பயிற்சியில் பந்து நேராகவே போனது. ஆனால் இப்போது காற்றும் கூட்டமும் அம்மாவும் அந்த மஞ்சள் பூக்களும் இருந்தன. கை தன்பாட்டுக்குத் தெரிந்ததைச் செய்தது. பந்து கிளம்பிப் பாதி வழி வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தாழப்போகிறது.

சுஸுனா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கண்ணாடி முன் பழகியது போலவே, நேர் பந்து வர வேண்டிய இடத்துக்குச் சரியாக ஒரு பந்தளவு கீழே, முழு வேகத்தில் மட்டையை வீசினாள். பந்து இறங்கி வந்து அந்த மட்டையிலேயே உட்கார்ந்தது.

டொக்.

பந்து தரையில் அடித்து உருண்டு, நின்ற இடத்திலேயே திகைத்துப் போயிருந்த இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில் புகுந்து புல்வெளிக்குப் போனது. சுஸுனா ஓடவில்லை. மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹரிமா பெஞ்சிலிருந்து யாரோ "ஓடு!" என்று அலறியதும் பயந்துபோய் ஓடினாள். முதல் பேஸைத் தொட்டதும் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்துக் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

மைதானமே உறைந்துபோயிருந்தது. பூக்கொத்துக்காரி ஒரு படி இறங்கி, பின் ஒரு படி ஏறினாள்.

அந்த அமைதியில் ஒரே ஒருத்தி கைதட்டினாள். பளார் பளார் என்று, மனசார. அம்மா.

பக்கத்தில் இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். அம்மா விடவில்லை. "உருண்டுச்சுல்ல? அது நம்ம பந்து," என்று அவர்களுக்கு விளக்கியது மேடு வரை கேட்டது.

கஸுஹோவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் தொலைத்த ராத்திரித் தூக்கமும் வீண், அவள் பயிற்சியும் வீண். பிறகு, வெட்கத்துக்கு அடியில், வேறொன்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷம் மாதிரி இருந்தது. என் பந்துக்கு நேராகப் போகத் தெரியவில்லை என்று நினைத்தாள். அதை நேராக்கிக் கொண்டுபோய் நிறுத்த என்னாலேயே முடியவில்லை.

தோமோயே முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தாள். கையுறையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா என்று தெரியவில்லை.

"நேரா எறின்னா..."

"நேராத்தான் எறிஞ்சேன்."

"அத நான் சர்ட்டிபிகேட்டா எழுதித் தரேன், போ." பெஞ்சு பக்கம் கண்ணைக் காட்டினாள். ஓனிஷி படியில் நின்று ஒற்றை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். "கோச் மறுபடியும் நேர் பந்துங்கறாரு. அங்க அவங்க கோச்சும் மகினோ காதுல ஏதோ ஊதிட்டாரு. அவ தலையாட்டிட்டா. இவ காத்த அடிப்பா, இவளுக்கு அனுபவம் இருக்கு. பூவ வாங்கிட்டு வீட்டுக்குப் போலாம்."

"ம்."

"கஸுஹோ. ம்முன்னா என்ன?"

"ஒண்ணுமில்ல. போய் உக்காரு."

மகினோ வந்து நின்றாள். மட்டையைத் தோளில் வைத்து அலட்டிக்கொள்ளாமல் நின்றாள். தோமோயே ஒரு விரல் காட்டினாள். கஸுஹோ எறிந்தாள். பந்து எங்கே தாழ்ந்தாலும் தப்பாகக்கூடாது என்று மகினோ நெஞ்சுயரத்தில், பந்துக்கு வெகு மேலே, பெரிதாக மட்டையைச் சுழற்றினாள். ஸ்ட்ரைக் என்றார் அம்பயர். கூட்டம் மூச்சுவிட்டது. நிம்மதியாகக் கைதட்டியது.

அந்தக் கைதட்டல் கஸுஹோவின் மேல் போர்வை மாதிரி வந்து விழுந்தது. மென்மையான, நல்ல, கனமான போர்வை. இதற்குள்ளேயே போய்விடலாம். இன்னும் இரண்டு பந்து. யாருக்கும் வருத்தமில்லை. எதிரே நிற்கும் மகினோவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. ஆறு வருடமாகக் கணக்கு முடியாத பெண், பெரிய மனதோடு, அந்தக் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு நிற்கிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருந்துகொண்டு, இருவரிடமும் இருந்த ஒரே நல்ல விஷயத்தைக் குழிதோண்டிப் புதைக்கிறோம்.

முதல் பேஸில் சுஸுனா நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் பேஸில் ஒருத்தி. எதிரே மட்டையோடு ஒருத்தி. தவறுதலாக நடந்ததுதான். ஆனால் இதற்காகத்தானே அவளை இத்தனை வருடமும் மேட்டுக்கு அனுப்பினார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு கணம் நின்று பார்த்தாள். பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அது அங்கேயேதான் இருந்தது.

தோமோயே ஒரு விரல் காட்டினாள்.

கஸுஹோ தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

தோமோயே அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்திருப்பாள். மறுபடி ஒரு விரல். மறுபடி தலையசைப்பு. கேட்சர் அப்படியே குந்தியபடி இருந்தாள். அவள் முகம் கவசத்துக்குள் தெரியவில்லை. ஆனால் தோள்கள் ஒரு தடவை குலுங்கின. பிறகு தொடைக்கு நடுவில் மூன்று விரல்கள் விரிந்தன. தாழும் பந்து.

மகினோ கையை உயர்த்தி அம்பயரிடம் நேரம் கேட்டாள். பேட்டர் நிற்கும் கட்டத்திலிருந்து வெளியே வந்தாள். கஸுஹோ தலையசைத்து ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. லீக்கில் யாருமே பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மட்டையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டி ஏற்றினாள். நிஜமாக அடிக்கப்போகும்போது மட்டும்தான் மகினோ அதைச் செய்வாள். முதல் பந்துக்குச் செய்திருக்கவில்லை.

தோளில் வலி இருந்தது. எப்போதும் இருப்பதுதான். கஸுஹோ குனிந்து, சுஸுனாவை ஒரு பார்வை பார்த்து, எறிந்தாள்.

மட்டையில் பட்ட சத்தம் வெடித்தது. பந்து மூன்றாவது பேஸுக்கு வெளியே கோட்டை ஒட்டி நெருப்பு மாதிரி பறந்து தடுப்புச் சுவரில் மோதியது. கோட்டுக்கு உள்ளே விழுந்திருந்தால் சுஸுனா எல்லா பேஸையும் சுற்றி வந்து ஓட்டம் எடுத்திருப்பாள். வெளியே விழுந்ததால் இன்னொரு ஸ்ட்ரைக், அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. கைதட்டல் இல்லை, வேறு மாதிரி சத்தம். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்த சத்தம். ஓனிஷி உயர்த்திய விரலை மெல்ல இறக்கினார்.

"சோம்பேறியாட்டம் வருது உன் பந்து!" என்று மகினோ கத்தினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

அடுத்ததைக் கஸுஹோ வெளியே போட்டாள். மகினோ தொடவில்லை. பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினாள், உன்னை எனக்குத் தெரியாதா என்பது போல.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அரிசி உருண்டை டப்பா காலடியில் கிடந்தது. கஸுஹோ அதைப் பார்த்தாள், பிறகு எதையும் பார்க்கவில்லை. தோமோயேயின் கையுறை மட்டும் இருந்தது. மகினோவின் முழங்காலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக.

இனிமேல் இந்தக் கை இதைச் செய்யாது என்ற நினைப்பு வந்தது. வந்ததே தவிர, வலிக்கவில்லை. இப்போது செய்யப்போகிறது என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

எறிந்தாள். பந்து நடுவில் வருவது போலவே வந்தது. மகினோ நம்பினாள். இடுப்பு திரும்பியது, மட்டை இறங்கியது, அந்தக் கடைசி நொடியில் பந்து, யாரோ கீழேயிருந்து நூலைப் பிடித்து இழுத்தது போல், தாழ்ந்தது.

மட்டை பந்தின் தலையில் பட்டது. அந்தச் சத்தத்தை அவள் எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பாள்.

பந்து தரையில் உருண்டது.

அவுட்டா இல்லையா என்று தெரிவதற்கு முன்னாலேயே அம்மா கைதட்டத் தொடங்கிவிட்டாள். இந்த முறை அவள் தனியாக இல்லை. முதல் பேஸ் பக்கம் முழுதும், எதற்கென்றே தெரியாமல், அவளோடு சேர்ந்து தட்டியது. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இரண்டடி ஓடி, குனிந்து, அள்ளி, இரண்டாவது பேஸுக்கு எறிந்தாள். சுஸுனா மண்ணில் சறுக்கிக்கொண்டு வந்தாள், ஆனால் பந்து அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. அங்கிருந்து முதல் பேஸுக்கு. மகினோ தலையைக் குனிந்துகொண்டு, சின்னப் பெண் மாதிரி, கைகளை வீசி, பிய்த்துக்கொண்டு ஓடினாள். ஒரு காலடி. அவ்வளவுதான் குறைந்தது.

அம்பயரின் கை மேலே போனது.

கஸுஹோ தன் குரலைத் தானே கேட்டாள். சொல் இல்லை, வெறும் குரல். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். இத்தனை வருடத்தில் மேட்டில் நின்று அவள் கத்தியதே இல்லை. முதல் பேஸில் பந்தைப் பிடித்தவள் குதித்துக்கொண்டு அதை அவளிடம் வீசினாள். தோமோயே கவசத்தைத் தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கேட்சர் இடத்திலேயே நின்று, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. முதல் பேஸைத் தாண்டி ஓடிப்போன மகினோ முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினாள். திரும்பி வரும்போது மேட்டுக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"பையன்கிட்ட என்னடி சொல்றது இப்ப?"

"சாப்பிடச் சொல்லு."

"நாசமாப் போ," என்றாள் மகினோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டபடி போனாள். அவள் பின்னால் சுஸுனா, மூஞ்சியெல்லாம் மண்ணாக, போகிற போக்கில் குனிந்து வணங்கிக்கொண்டே ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கைதட்டல் நிற்கவில்லை. ஏரிக்காற்றையும் தாண்டி அது மேலே போனது. அதற்கு நடுவில் ஓனிஷி பெஞ்சிலிருந்து இறங்கி நடந்து வந்தார். கண்கள் சிவந்திருந்தன. பின்னால் பூக்கொத்துக்காரி. வேலிக்கு அந்தப் பக்கம் இளம் பிட்சர் தோள் சுழற்றுவதை நிறுத்திவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். தடுப்பாளர்கள் எல்லோரும் மேட்டைச் சுற்றி வந்து நின்றார்கள். தோமோயேயும் வந்து சேர்ந்தாள்.

ஓனிஷி முன்னால் வந்து நின்றார்.

"நான் சொன்னது ஒண்ணு, நீ செஞ்சது ஒண்ணு."

"ஆமா கோச்."

"நல்லாத்தான் செஞ்ச. இதவிட நல்ல எடம் கெடைக்காதும்மா. எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க, பாரு. போதும். குடு."

கையை நீட்டினார். கஸுஹோ அந்தக் கையைப் பார்த்தாள். தடித்த, வெயிலில் கறுத்த, நல்ல மனிதரின் கை. எத்தனை மதியங்களில், எத்தனை மேடுகளில், அந்தக் கை முழுதாக நீள்வதற்கு முன்பே பந்தை அதில் வைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் அந்தக் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இப்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

பந்து அவளுடைய வலது கையில் இருந்தது. ஒரு பக்கம் மண் ஒட்டியிருந்தது. மட்டை பட்ட இடத்தில் தோல் கொஞ்சம் கசங்கியிருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

இன்னிங்ஸ் முடிய மூன்று அவுட் வேண்டும். இரண்டுதான் ஆகியிருந்தது. ஹரிமாவின் மூன்றாவது பேட்டர் கோட்டுக்கு வெளியே, வரலாமா கூடாதா என்று தெரியாமல், மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒருத்தி இருக்கா, கோச்," என்றாள் கஸுஹோ.

சத்தமாகச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஓனிஷியின் கை அப்படியே நீண்டிருந்தது. கஸுஹோ பந்தைக் கையுறைக்குள் போட்டு மூடினாள். குனிந்து, மேட்டில் கலைந்துபோன தன் பள்ளத்தைக் காலால் சரிசெய்யத் தொடங்கினாள்.